எட்டு வே டி.பி. பாக்ஸும் மெயினும்: எதை வாங்கலாம், எதை எங்கே மாட்டலாம்

வீட்டுக் கரண்டைச் சர்க்யூட் சர்க்யூட்டாகப் பிரிக்கும் பெட்டி டி.பி.; கரண்டை மொத்தமாகத் துண்டிக்கும் கருவி மெயின். எலக்ட்ரிக்கல் கடையில் "வீட்டுக்கு ஒரு டி.பி. பாக்ஸ், மெயினோட சேர்த்துக் கொடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது ஒரே மாதிரி செட்தான். எட்டு வே (எட்டு இடமுள்ள) டபுள் டோர் இரும்புப் பெட்டி, 40 ஆம்பியர் டபுள் போல் ஐசொலேட்டர் (பேஸ், நியூட்ரல் இரண்டையும் கையால் துண்டிக்கும் ஸ்விட்ச்) ஒன்று, கூடவே 6, 10, 16, 20 ஆம்பியரில் சிங்கிள் போல் எம்சிபிகள் (பேஸை மட்டும் வெட்டும், ஓவர்லோடிலும் ஷார்ட்டிலும் தானே அணையும் பிரேக்கர்கள்). சிங்கிள் பேஸ் வீட்டுக்கு வயர்மேன் எழுதித் தருவதும் இதுதான், கடைக்காரர் எடுத்து வைப்பதும் இதுதான். பெட்டி என்ன கம்பெனி, எம்சிபி என்ன கம்பெனி என்று விசாரிக்கும் வீட்டுக்காரர், மெயினுக்கு ஒதுக்கிய அந்த இரண்டு மாட்யூல் (ஒரு சிங்கிள் போல் எம்சிபியின் அகலம் ஒரு மாட்யூல்) இடத்தில் என்ன உட்காருகிறது என்று மட்டும் கேட்பதில்லை. செட்டின் பெரிய குறை அங்கேதான் இருக்கிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பெட்டி நல்ல பெட்டி, எம்சிபிகளும் சரி. ஆனால் ஐசொலேட்டரை மட்டும் மெயினாக வைத்துக் கொடுக்கும் செட்டை அப்படியே வாங்கி மாட்டக் கூடாது. ஐசொலேட்டர் மோசமான பொருள் இல்லை; அதற்கென்று வீட்டில் சரியான இடங்கள் உண்டு. தனியாக நின்று வீட்டைக் காக்கும் இடம் மட்டும் அதற்கு இல்லை.

மெயின் செய்ய வேண்டிய மூன்று வேலை

முதல் வேலை, வீட்டின் கரண்டை மொத்தமாகத் துண்டிப்பது. பேஸ், நியூட்ரல் இரண்டும் ஒரே இழுப்பில் விலக வேண்டும். இரண்டாவது, ஓவர்லோடிலும் ஷார்ட்டிலும் தானாக விழுவது, அதாவது ட்ரிப் ஆகி அணைவது. மூன்றாவது, லீக்கேஜ் ஆனால், அதாவது பேஸில் போன கரண்ட் முழுதாக நியூட்ரலில் திரும்பாமல் ஒரு பகுதி உடம்பு வழியாகவோ எர்த் வழியாகவோ கசிந்தால், கண நேரத்தில் விழுவது.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் 2010-இல் வந்தன. இப்போது நடப்பில் இருப்பது அதற்குப் பதிலாக வந்த 2023 விதிமுறைகள். மின்வாரியத்தின் பொறுப்பு முடிந்து நம் வயரிங் தொடங்கும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில், எளிதில் கை எட்டும்படி, வீட்டின் சப்ளையை முழுவதுமாகத் துண்டிக்கக்கூடிய இணைப்பு ஸ்விட்ச் அல்லது சர்க்யூட் பிரேக்கர் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இணைப்பு ஸ்விட்ச் என்றால் எல்லா போலும் ஒன்றாக விழுவது. அது தனித்தனி சர்க்யூட்டுகளுக்கு வைக்கும் எம்சிபிகளுக்கு மேற்பட்டு இருக்க வேண்டியது. எர்த் செய்யப்பட்ட நியூட்ரலில் தனி ஃபியூஸோ தனி ஸ்விட்சோ வைக்கக் கூடாது. பேஸோடு சேர்ந்து விலகும் இணைப்பு ஸ்விட்ச் மட்டுமே நியூட்ரலைத் தொடலாம். லீக்கேஜ் பாதுகாப்புக்கு வீடுகளில் வைக்கும் கருவி 30 மில்லி ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, மெயின் என்று விற்கப்படும் ஒவ்வொன்றையும் பார்க்கலாம்.

பழைய இரும்பு மெயின் ஸ்விட்ச்

பக்கவாட்டில் கைப்பிடி, உள்ளே பீங்கான் கேரியர்கள். இன்னும் பல வீட்டு மீட்டர் போர்டில் இதுதான் நிற்கிறது, கடையிலும் கிடைக்கிறது. துண்டிக்கும் வேலையை இது உருப்படியாகச் செய்யும். கைப்பிடி ஆனில் இருக்கும்போது மூடியைத் திறக்க முடியாதபடி நல்ல தயாரிப்புகளில் தடுப்பு உண்டு. கத்தி விலகி நிற்பது கண்ணுக்கே தெரியும்.

சிக்கல் ஃபியூஸில். டபுள் போல் மெயினில் பேஸ் பக்கம் ஃபியூஸ் கேரியரும் நியூட்ரல் பக்கம் திடமான லிங்க்கும் (ஃபியூஸ் இல்லாத நேர் இணைப்பு) இருக்க வேண்டும். பல வீடுகளில் மூடியைத் திறந்தால் இரண்டு பக்கமும் கேரியர், இரண்டிலும் கம்பி. நியூட்ரல் பக்கத்துக் கம்பி முதலில் போனால் வீடு இருட்டாகிவிடும், ஆனால் ஒவ்வொரு சாக்கெட்டிலும் பேஸ் நின்றுகொண்டே இருக்கும். கரண்ட் இல்லை என்று நம்பி ஹோல்டரைக் கழற்றுகிறவருக்கு அது உயிராபத்து. டெஸ்டர் வைத்துப் பார்த்தால் நியூட்ரல் ஓட்டையிலும் விளக்கு எரியும்: ஆன் செய்து விட்டிருக்கும் பல்பின் வழியாகப் பேஸ் அந்தப் பக்கம் வந்து நிற்கிறது. வீட்டில் இந்த மெயின்தான் இருக்கிறது, மாற்ற இப்போது வசதியில்லை என்றால், நியூட்ரல் கேரியரை எடுத்துவிட்டு லிங்க் போடுவதையாவது உடனே செய்ய வேண்டும். கம்பி அளவைக் கண் மதிப்பில் போடுவதும், இரண்டு மூன்று இழையாக முறுக்கிப் போடுவதும் இந்த ஸ்விட்சோடு ஒட்டிக்கொண்டு வரும் பழக்கங்கள். புதிதாக வாங்கப் பரிந்துரைக்க மாட்டோம்.

ஐசொலேட்டர்

செட்டில் வரும் ஆள். டபுள் போல் எம்சிபியைப் போலவே உருவம், அதே நெம்பு, அதே இரண்டு மாட்யூல் அகலம். அதனால்தான் குழப்பம். முகப்பை உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். எம்சிபியில் "சி 32" என்று எழுத்தும் எண்ணும் சேர்ந்திருக்கும், கீழே ஒரு கட்டத்துக்குள் 10000 என்று ஷார்ட் தாங்கும் அளவு அச்சாகியிருக்கும், ஐ.எஸ்/ஐ.இ.சி 60898-1 என்ற தர எண் இருக்கும். ஐசொலேட்டரில் 40 ஆம்பியர் என்று வெறும் எண்தான். தர எண் 60947-3, வகை ஏசி-22ஏ. அந்த வகை எழுத்து இருந்தால் லோடு ஓடும்போதே அணைக்கலாம். ஏசி-20 என்றால் லோடு இல்லாதபோது மட்டும்தான் தொட வேண்டும்.

40 ஆம்பியர் என்பது இது தாங்கும் அளவு. 40-ஐத் தாண்டினால் விழும் என்று அர்த்தமில்லை. 60 ஆம்பியர் ஓடினாலும் அது அசையாது. முனைகள் கருகும் வரை நின்றுகொண்டே இருக்கும். இதை மட்டும் மெயினாக வைத்த வீட்டில் மீட்டரிலிருந்து டி.பி. வரை வரும் கேபிளுக்கு இருக்கும் ஒரே காவல் மின்வாரியத்தின் கட்அவுட் ஃபியூஸ். அது வாரியத்தின் லைனைக் காக்க வைத்தது, உங்கள் கேபிள் அளவைப் பார்த்து வைத்ததல்ல. மூன்று வேலையில் ஐசொலேட்டர் செய்வது ஒன்றுதான், ஆனால் அந்த ஒன்றைச் சுத்தமாகச் செய்யும்.

டபுள் போல் எம்சிபி

முதல் இரண்டு வேலையையும், அதாவது துண்டிப்பது, ஓவர்லோடு, ஷார்ட் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். லீக்கேஜ் அதற்குத் தெரியாது. மீட்டர் போர்டில் மெயினாக வைக்க இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை.

அளவு தேர்வுதான் இங்கே பலர் வழுக்கும் இடம். 32 ஆம்பியர் எம்சிபி 32-ஐத் தொட்டதும் விழாது. தர விதிப்படி 1.13 மடங்கில், அதாவது 36 ஆம்பியரில், ஒரு மணி நேரம் வரை விழக் கூடாது. 1.45 மடங்கில், 46 ஆம்பியர் சொச்சத்தில், ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். அந்த இடைவெளியில் ஓடும் கரண்டைக் கேபிள்தான் சுமக்கிறது. பைப்புக்குள் ஓடும் காப்பர் ஒயருக்குத் தயாரிப்பாளர்கள் கொடுக்கும் அட்டவணையில் 4 ஸ்கொயர் எம்.எம். 25 ஆம்பியரை ஒட்டியும், 6 ஸ்கொயர் 30-லிருந்து 35 வரையும், 10 ஸ்கொயர் 40-ஐத் தாண்டியும் இருக்கும். ஆகவே 4 ஸ்கொயர் ஒயரைப் போட்டுவிட்டு 32 எம்சிபி வைப்பது தவறு. 32 வேண்டுமென்றால் 10 ஸ்கொயர், 25 போதுமென்றால் 6 ஸ்கொயர். ட்ரிப் ஆகிறதென்று எம்சிபியை மட்டும் பெரிதாக்குவது சுவருக்குள் இருக்கும் ஒயரை அடுப்பாக்குவது.

சி கர்வ், பி கர்வ் என்பது ஷார்ட் பக்கத்துக் கணக்கு. பி என்றால் 3 முதல் 5 மடங்கில் உடனே விழும், சி 5 முதல் 10, டி 10 முதல் 20. மோட்டார், ஏசி ஓடும் வீட்டு மெயினுக்கு சி சரியாக வரும். டி-யை வீட்டு மெயினில் வைக்க வேண்டிய தேவை வராது.

ஆர்சிசிபி, ஆர்சிபிஓ

லீக்கேஜைக் கண்டு விழும் கருவிதான் ஆர்சிசிபி. வயர்மேன்கள் இதை இன்னும் ஈ.எல்.சி.பி. என்றே சொல்வார்கள், கடையில் அந்தப் பெயரில் கேட்டாலும் ஆர்சிசிபிதான் வரும். 30 மில்லி ஆம்பியர் கருவி 15-க்கும் 30-க்கும் இடையில் எங்காவது விழும். 30-இல் 300 மில்லி செகண்டுக்குள்ளும், அதைப்போல ஐந்து மடங்கு கசிவில் 40 மில்லி செகண்டுக்குள்ளும் விழ வேண்டும். உயிரைக் காக்கும் வேலை இதுதான், இதைச் செய்ய வேறு கருவி டி.பி.யில் இல்லை. விலை ஐசொலேட்டரைப்போலப் பல மடங்கு என்பதால் செட்டிலிருந்து முதலில் கழற்றப்படுவதும் இதுதான்.

கவனிக்க வேண்டியது: ஆர்சிசிபிக்கு ஓவர்லோடு தெரியாது. 40 ஆம்பியர் ஆர்சிசிபிக்கு முன்னால் 32 அல்லது 40 எம்சிபி இருந்தே ஆக வேண்டும். மீட்டர் போர்டில் 32 டபுள் போல் எம்சிபி, வீட்டுக்குள் டி.பி.யில் ஐசொலேட்டர் இருந்த இடத்தில் 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. ஒரு தளச் சிங்கிள் பேஸ் வீட்டுக்கு இந்த ஜோடி மூன்று வேலையையும் முடித்துவிடும். செட்டில் செய்ய வேண்டிய மாற்றம் இவ்வளவே. ஐசொலேட்டருக்குக் கொடுக்கும் பணத்தோடு வித்தியாசத்தைச் சேர்த்து ஆர்சிசிபியாக எடுங்கள். பெட்டி அதே பெட்டி, இடம் அதே இரண்டு மாட்யூல்.

ஏசி டைப், ஏ டைப் என்று இரண்டு கிடைக்கும். இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின், எல்.இ.டி. டிரைவர் எல்லாம் எலக்ட்ரானிக்ஸ். அவற்றின் கசிவு துடிப்பு டி.சி. வடிவிலும் வரலாம். ஏ டைப் அதையும் பிடிக்கும். வித்தியாசத் தொகை கட்டுப்படியானால் ஏ டைப்பே எடுக்கலாம்.

ஆர்சிபிஓ என்பது எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒரே உடம்பில். மூன்று வேலையும் ஒன்றே செய்யும். மெயினாக வைத்தால் ஒன்று விழுந்தால் வீடே இருட்டு, ஓவர்லோடில் விழுந்ததா லீக்கேஜில் விழுந்ததா என்று கண்டுபிடிக்கவும் நேரமாகும். பாத்ரூம் ஹீட்டர், மொட்டைமாடி மோட்டார் போன்ற சந்தேகச் சர்க்யூட்டுக்குத் தனியாக வைத்தால் கொடுத்த காசுக்குப் பலன்.

மாடி டி.பி.: மெயின் வேண்டுமா?

இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும். கீழ் டி.பி.யில் மாடிக்கென்று ஒரு 25 ஆம்பியர் டபுள் போல் எம்சிபி இருக்கிறது. மாடிப் பெட்டியில் மறுபடி ஒரு எம்சிபி எதற்கு? தேவையில்லை. மாடிக்குப் போகும் கேபிளைக் கீழே உள்ள எம்சிபி காக்கிறது. மேலே இன்னொரு 25-ஐ வைத்தால், மாடியில் ஷார்ட் ஆகும்போது மேலது விழுமா கீழது விழுமா என்பது உறுதியில்லை, இரண்டும் சேர்ந்தும் விழலாம். மேலே வேண்டியது துண்டிக்கும் கருவி. மாடியில் ஒரு ஃபேனைக் கழற்றும் ஆள் கீழே ஓடி எது மாடி எம்சிபி என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது, கீழே இருப்பவர் தெரியாமல் ஆன் செய்துவிடவும் கூடாது. லீக்கேஜ் பாதுகாப்பு கீழேயே முடிந்திருந்தால் மாடிப் பெட்டிக்கு 40 ஆம்பியர் ஐசொலேட்டர் சரியான மெயின்.

நாங்கள் விரும்பும் அமைப்பு இன்னும் ஒரு படி மேல். கீழ்த்தள ஆர்சிசிபிக்குப் பின்னாலிருந்து மாடிக்கு எடுத்தால், மாடி பாத்ரூமில் கசிவு வந்தால் கீழே ஃப்ரிட்ஜும் நின்றுவிடும். அதனால் கீழ் டி.பி.யில் முதலில் ஐசொலேட்டர், அதிலிருந்து இரண்டாகப் பிரித்து ஒரு கிளை கீழ்த்தள ஆர்சிசிபிக்கு, இன்னொரு கிளை 25 டபுள் போல் எம்சிபி வழியாக மாடிக்கு. மாடிப் பெட்டியில் அதற்கென்று தனி 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி; அதுவே அங்கே மெயின். மாடிக்குப் போகும் கேபிள் பி.வி.சி. பைப்பில் போக வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வைத்தால் எது முதலில் விழும் என்று சொல்ல முடியாது. கிளைகளாக வைத்தால் அந்தப் பிரச்சினையே இல்லை. இந்த அமைப்புக்கு எட்டு வே போதாது, பன்னிரண்டு வே பெட்டி எடுக்க வேண்டும்.

20 மீட்டர் தூரத்துக்கு 6 ஸ்கொயர் காப்பரில் 25 ஆம்பியர் ஓடினால் வோல்டேஜ் இழப்பு மூன்று வோல்ட்டுக்குச் சற்று மேல். 230-இல் அது பெரிய இழப்பில்லை. அதனால் மாடிக்கு 6 ஸ்கொயருக்கு மேல் தேவைப்படாது.

மாடியை வாடகைக்கு விட்டுத் தனி மீட்டர் வாங்கியிருந்தால் கதை வேறு. அது சப் டி.பி. அல்ல, தனி வீடு. மீட்டர் போர்டிலேயே அதற்குத் தனி டபுள் போல் மெயின், தனி நியூட்ரல். பழைய வயரிங்கில் இரண்டு வீட்டு நியூட்ரலும் எங்கோ ஒரு ஜங்ஷன் பாக்ஸில் சேர்ந்தே கிடக்கும். ஆர்சிசிபி மாட்டிய அன்றே இரண்டும் மாறி மாறி விழுவதற்குக் காரணம் இதுதான். கீழ் மெயினை அணைத்தாலும் மேல் வீட்டுக் கரண்ட் அந்த நியூட்ரலில் திரும்பிக்கொண்டிருக்கும். அதைப் பிரிக்கும் ஆள் ஷாக் வாங்குவார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சப் பேனல் என்று யூடியூபில் தேடினால் வருவது பெரும்பாலும் அமெரிக்க வீடியோ. அங்கே தேசிய மின் விதித்தொகுப்புப்படி மெயின் டிஸ்கனெக்ட் இருக்கும் பேனலில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்க வேண்டும், சப் பேனலில் பிரித்து வைக்க வேண்டும். தனிக் கட்டடத்துக்குப் போகும் சப் பேனலுக்கு அங்கேயே ஒரு டிஸ்கனெக்ட் வேண்டும். ஒன்றிரண்டு குடும்பங்கள் வசிக்கும் வீடுகளுக்கு 2020 பதிப்பிலிருந்து வெளிப்புறத்தில் அவசர டிஸ்கனெக்டும் கட்டாயம். அங்கே வீடு வைத்திருப்பவர்கள் அந்த விதியைத்தான் பின்பற்ற வேண்டும். இங்கே உள்ளவர்கள் அந்த வீடியோவைப் பார்த்து டி.பி.யில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கக் கூடாது. தெருவில் நியூட்ரல் அறுந்தால் வீட்டின் எர்த் முழுவதும், அதோடு ஃப்ரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் உடம்பு முழுவதும் பேஸ் ஏறிவிடும். வெளிப்புற டிஸ்கனெக்ட் யோசனை மட்டும் எங்கும் நல்லது. நம் ஊரில் மீட்டர் போர்டு போர்டிகோவிலேயே இருப்பதால் அங்கே டபுள் போல் எம்சிபி வைத்தால் அது தானாகவே கிடைத்துவிடுகிறது. மழைச்சாரல் படும் இடமென்றால் ஐ.பி. 65 (தூசும் நீரும் புகாமல் காக்கும் தர எண்) மூடி போட்ட சின்ன எம்சிபி பெட்டி வாங்க வேண்டும்.

மெயினை அணைத்தும் அணையாத வீடு

இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மெயினை அணைத்தால் லைட்டும் ஃபேனும் ஓடிக்கொண்டே இருக்கும். தெரிந்த விஷயம்தான், ஆனால் டி.பி.யில் கை வைக்கும்போது பலர் மறக்கிறார்கள். பாட்டரியிலிருந்து வரும் 230 வோல்ட்டும் அதே 230 வோல்ட்தான். இன்வெர்ட்டர் அவுட்புட் டி.பி.க்குள் நுழையும் இடத்தில் தனி டபுள் போல் ஐசொலேட்டர் ஒன்று வைத்து, அதன்மேல் "இன்வெர்ட்டர்" என்று ஒட்டி வைக்க வேண்டும். செட்டில் வந்த ஐசொலேட்டரைத் தூக்கிப் போட வேண்டாம், இதற்குப் பயன்படுத்தலாம்.

நியூட்ரல் விவகாரமும் இங்கே பெரியது. இன்வெர்ட்டர் இன்புட் ஆர்சிசிபிக்குப் பின்னால் எடுக்கப்பட்டு, இன்வெர்ட்டர் லைட் சர்க்யூட்டின் நியூட்ரல் ஆர்சிசிபிக்கு முன்னால் உள்ள நியூட்ரல் லிங்கில் (நியூட்ரல் ஒயர்கள் சேரும் பட்டையில்) போய்ச் சேர்ந்தால், லைட் போட்டதும் ஆர்சிசிபி விழும். போன கரண்ட் வேறு வழியில் திரும்புகிறது; அது கசிவென்றே கருவி கணக்கிடும். அதனால் பெட்டியில் நியூட்ரல் லிங்க் எத்தனை என்பது வாங்கும்போதே பார்க்க வேண்டிய விஷயம். ஒரே ஒரு நியூட்ரல் லிங்க் உள்ள பெட்டி ஆர்சிசிபியும் இன்வெர்ட்டரும் உள்ள வீட்டுக்கு ஆகாது. இரண்டு லிங்க் வரும் பெட்டியை எடுங்கள், அல்லது தனி லிங்க் ஒன்றைக் கூடவே வாங்கி இன்சுலேட்டர் மேல் மாட்டச் சொல்லுங்கள்.

மொட்டைமாடி சோலார் உள்ளவர்களுக்கு: கிரிட்டோடு இணைந்த இன்வெர்ட்டர் மெயின் போனதும் தானே நின்றுவிடும், ஆனால் பேனலிலிருந்து வரும் டி.சி. ஒயரில் வெயில் இருக்கும்வரை வோல்டேஜ் இருக்கும். ஏ.சி. ஐசொலேட்டர், டி.சி. ஐசொலேட்டர் இரண்டும் தனித்தனியாக வேண்டும். ஏ.சி. எம்சிபியை டி.சி. பக்கம் போடக் கூடாது. டி.சி. ஆர்க் ஏ.சி.யைப்போலத் தானாக அணையாது.

மூன்று பேஸ் வீடு

நான்கு போல் மெயின் வேண்டும். நியூட்ரல் போல் என்று குறிக்கப்பட்டதில்தான் நியூட்ரலைக் கொடுக்க வேண்டும், இடம் மாற்றக் கூடாது. மூன்று பேஸில் நியூட்ரல் மட்டும் தளர்ந்தால் வீட்டுச் சாமான்கள் இரண்டு பேஸுக்கு நடுவே தொங்கும். 230-க்குச் செய்த டி.வி.க்கு முந்நூறுக்கு மேல் போய்விடும். நியூட்ரல் ஸ்க்ரூ முடுக்கத்தை மற்ற மூன்றையும்விட அக்கறையாகப் பார்க்க வேண்டும்.

பேஸ் செலக்டர் ரோட்டரி ஸ்விட்ச் தமிழ்நாட்டு வீடுகளில் சகஜம். ஒரு பேஸ் போனால் திருப்பி வேறு பேஸில் ஓட்டுவார்கள். மூன்று செலக்டரும் ஒரே பேஸுக்குத் திரும்பிவிட்டால் மூன்று கிளைக் கரண்டும் ஒரே நியூட்ரலில் கூடி ஓடும். பேஸ்கள் பிரிந்திருக்கும்போது ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டிருந்த நியூட்ரல் இப்போது மூன்று மடங்கு சுமக்கும். அந்த நேரத்தில் ஏசியையும் ஹீட்டரையும் போடாமல் இருப்பதுதான் வழி, இல்லையென்றால் நியூட்ரல் கேபிளை அதற்கேற்பப் பெரிதாகப் போட்டிருக்க வேண்டும்.

பெட்டி எப்படி?

டபுள் டோர் பெட்டிகளுக்குப் பொதுவாக ஐ.பி. 43, சிங்கிள் டோருக்கு ஐ.பி. 30. சமையலறை வாசலில், வெளி வராந்தாவில் டபுள் டோர் நல்லது. பல்லி, பூச்சி உள்ளே போவது குறையும். "எட்டு வே" என்பதில் மெயினுக்கான இடமும் அடக்கமா என்று கேட்டு வாங்குங்கள். 18 மில்லிமீட்டர் அகல மாட்யூல் கணக்கில் எண்ணிப் பார்ப்பது பாதுகாப்பு. இன்றைய தேவைக்கு மேல் இரண்டு மாட்யூலாவது காலியாக விடுங்கள்.

பெட்டியோடு வரும், எம்சிபிகளுக்கெல்லாம் பேஸைப் பகிரும் சீப்பு மாதிரி பட்டையான பஸ்பாரைத்தான் நாங்கள் அதிகம் உற்றுப் பார்ப்போம். அதன் பல் ஒவ்வொன்றும் எம்சிபியின் கிளாம்புக்கு உள்ளே நுழைய வேண்டும். அவசரத்தில் மாட்டும்போது ஒரு பல் மட்டும் கிளாம்புக்குப் பின்னால் போய்விடும். ஸ்க்ரூ முடுகும், கைக்கு இறுகியது போலவே இருக்கும், ஆனால் பிடிப்பது காற்றைத்தான். ஆறு மாதத்தில் அந்த எம்சிபியின் அடிப்பகுதி பழுப்பேறி, பிறகு உருகும். முடுக்கியபின் ஒவ்வொரு எம்சிபியையும் முன்னால் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரே பெட்டியில் வெவ்வேறு கம்பெனி எம்சிபிகளைக் கலந்தால் பல் உயரம் பொருந்தாமல் இதே கோளாறு வரும். பஸ்பாரை வெட்டினால் வெட்டிய முனைக்கு மூடி போட வேண்டும்.

பல இழை ஒயரை லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் குப்பி) இல்லாமல் முனையில் நுழைப்பது, நுழையவில்லையென்று இரண்டு இழையை வெட்டிவிடுவது, ஒரே துளையில் இரண்டு ஒயர் செருகுவது: சூடேறிய டி.பி.யைத் திறந்தால் இவற்றில் ஒன்று இருக்கும். முடுக்க வேண்டிய அளவு பொதுவாக 2 முதல் 3.5 நியூட்டன் மீட்டருக்குள். கருவியின் பக்கவாட்டில் அல்லது அட்டையில் அச்சாகியிருக்கும்.

மாட்டும் இடத்துக்கும் கணக்குண்டு. தரையிலிருந்து 2 மீட்டருக்குள், முன்னால் ஒரு மீட்டர் இடைவெளியோடு, அடுப்புக்கும் தொட்டிக்கும் மேலே இல்லாமல். கதவுக்குப் பின்னால், அலமாரிக்குள் புதைக்கும் இன்டீரியர் வேலைக்காரர்களிடம் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கம்பெனி என்று பார்த்தால் லெக்ராண்ட், ஷ்னைடர், ஹேவல்ஸ், சீமென்ஸ், ஏபிபி, எல் அண்ட் டி என்ற பெயரில் நாம் பழகி 2024 முதல் லாரிட்ஸ் நட்சன் என்று வரும் வகை எதிலும் வீட்டுத் தேவைக்குப் பெரிய குறை சொல்ல முடியாது. போலிதான் பயம். எம்சிபிக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை சட்டப்படி கட்டாயம். முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருக்குக் கொடுத்த உரிமம் என்று காட்டும். பில் இல்லாமல் குறைந்த விலையில் வரும் பெட்டிக்கடைச் சரக்கில் மெயினை மட்டுமாவது வாங்காதீர்கள்.

மாட்டிய பிறகு

சப்ளை கொடுப்பதற்கு முன், சாமான்கள், எலக்ட்ரானிக்ஸ், ஆர்சிசிபி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) போட்டு, ஒயர்களுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் குறையக் கூடாது. பிறகு சப்ளை வந்ததும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்த வேண்டும், மாதம் ஒருமுறையும் அழுத்த வேண்டும். அழுத்தியும் விழவில்லையென்றால் அந்தக் கருவியை உடனே மாற்றுங்கள்.

ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறதென்று இன்புட்டையும் அவுட்புட்டையும் நேராக இணைத்துவிடும் வேலை ஊருக்கு ஊர் நடக்கிறது. விழுவதற்குக் காரணத்தை அரை மணியில் கண்டுபிடிக்கலாம். எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றி, ஒவ்வொன்றாக எம்சிபியை ஏற்றுங்கள். எதில் விழுகிறதோ அந்தச் சர்க்யூட்டில் ஹீட்டர் காயிலோ, மோட்டாரோ, மழையில் நனைந்த வெளி சாக்கெட்டோ இருக்கும். எந்த ஒரு சர்க்யூட்டும் தனியாக விழ வைக்கவில்லை, எல்லாம் ஏறினால்தான் விழுகிறதென்றால், சின்னச் சின்னக் கசிவுகள் கூடி 15 மில்லி ஆம்பியரைத் தாண்டுகின்றன. ஆர்சிசிபியை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

சந்தேகச் சர்க்யூட்டின் எம்சிபியை இறக்கிய பிறகும், வீட்டில் வேறு ஏதோ லோடு ஓடும்போது விழுந்துகொண்டே இருந்தால் அது நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுவது. சிங்கிள் போல் எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டுகிறது, நியூட்ரல் இணைந்தேதான் இருக்கிறது என்பதால் எம்சிபியை இறக்கி இதைப் பிடிக்க முடியாது. மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, கரண்ட் இல்லையென்று மல்டிமீட்டரில் உறுதி செய்தபின், நியூட்ரல் லிங்கிலிருந்து ஒவ்வொரு ஒயராகக் கழற்றி எர்த்தோடு தொடர்ச்சி பார்க்க வேண்டும். பீப் அடிக்கும் ஒயர் எந்தச் சர்க்யூட்டுடையது என்று பார்த்து, அதன் ஸ்விட்ச் போர்டுகளை வரிசையாகத் திறந்தால், சுவர்ப் பெட்டியின் இரும்பு விளிம்பில் நசுங்கிய கறுப்பு ஒயர் ஏதாவது ஒன்றில் அகப்படும்.